கூரைக்குள் யாரும் ஏறிப் பார்க்கவில்லை: ஆஸ்திரேலியாவின் வீட்டு இன்சுலேஷன் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் நடக்கும் பெரும்பாலான வேலைகளை, அந்த வேலை தெரியாதவர்கூட ஓரளவு சோதித்துவிடலாம். பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். குழாய் கசிந்தால் தரை ஈரமாகும். டைல்ஸ் கோணலாக இருந்தால் வீட்டுக்கு வரும் முதல் உறவினரே சொல்லிவிடுவார். கூரைக்குள் போடும் இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சோ படலமோ, மட்டும் இந்தக் கணக்கில் வராது. வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள், அப்புறம் பத்து வருடம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏமாற்ற நினைக்கும் காண்ட்ராக்டருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

2009இல் ஆஸ்திரேலிய அரசு இந்த வேலையை நாடு முழுக்க இலவசமாகச் செய்து தர முன்வந்தது. ஓராண்டுக்குள் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள், திட்டம் இழுத்து மூடப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட தீ விபத்துகள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன, ஆயிரக்கணக்கான மோசடிப் புகார்கள் வந்தன. இது ஓர் அரசியல் ஊழல் கதையாகவே அங்கே பேசப்படுகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: பணம் கொடுத்தவர் வேலையைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவர் பணம் கொடுக்கவில்லை.

வீடும் திட்டமும்

முதலில் அந்த ஊர் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் கான்கிரீட் மொட்டைமாடி வீடுகளில் இந்த இடமே கிடையாது. ஆஸ்திரேலியாவின் சாதாரணத் தனி வீட்டில் மேலே ஓடு அல்லது உலோகத் தகடு, அதன் கீழே மரச்சட்டங்கள், அதற்கும் கீழே ஜிப்சம் பலகையில் உட்கூரை. இரண்டுக்கும் நடுவே ஓர் இருட்டு வெளி. ஓரங்களுக்குப் போகப் போக உயரம் குறைந்து, தவழ்ந்தால்கூட முதுகு இடிக்கும். வீட்டின் மின்கம்பிகள் பெரும்பாலும் இங்கேதான் சட்டங்களின் மேலும் ஊடேயும் ஓடும். உள்ளே போக, நடைபாதையின் மேலே ஒரு சின்னச் சதுரத் திறப்பு. கோடை மதியத்தில் ஓட்டின் சூடு முழுவதும் அங்கே தங்கும். சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு மெத்தைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால், அல்லது அலுமினியத் தகட்டுப் படலத்தை விரித்தால், கீழே அறைக்குள் வெப்பம் இறங்குவது குறையும், குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போவதும் குறையும்.

உலகப் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். 2009 பிப்ரவரி 3 அன்று பிரதமர் கெவின் ரட், 4,200 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் ஊக்கத் திட்டத்தை அறிவித்தார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைகளுக்கு இன்சுலேஷன் போடுவது அதில் ஒரு பகுதி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தார்கள்: மின்செலவு குறையும், படிப்பும் அனுபவமும் அதிகம் இல்லாத இளைஞர்களுக்கு உடனே வேலை கிடைக்கும். இரண்டாவது மாங்காய்தான் பிறகு தொண்டையில் சிக்கியது. அவசரமாக ஆள் சேர்ப்பதும், ஆபத்தான இடத்தில் கவனமாக வேலை வாங்குவதும் ஒன்றாகப் போகவே போகாது.

திட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் போனது. அமைச்சர் பீட்டர் கேரட், ராக் பாடகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அந்த அமைச்சகத்துக்கு இந்த அளவில் வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி வேலை வாங்கிய அனுபவம் கிடையாது. பெரிய நிறுவனங்களை வட்டாரவாரியாக அமர்த்தி, அவர்கள் பொறுப்பில் வேலையை விடலாம் என்பதுதான் அதிகாரிகள் முதலில் போட்ட யோசனை. அதில் குறைந்தபட்சம் யாரைக் கேட்பது என்று தெரிந்திருக்கும். ஆனால் ஜூலை 1 அன்று தொடங்கியே ஆக வேண்டும் என்ற கெடு நெருங்கியதும் அதைக் கைவிட்டு, பதிவு செய்துகொண்ட யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள்.

பணம் போன வழி

பிப்ரவரி முதல் ஜூன் வரை வீட்டுக்காரர் முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு அரசிடம் திரும்பக் கேட்க வேண்டும். ஜூலை 1க்குப் பிறகு அது மாறியது. வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு வீட்டுக்கு 1,600 டாலர் வரை காண்ட்ராக்டரே நேரடியாக மெடிகேர் ஆஸ்திரேலியாவிடம் வாங்கிக்கொள்ளலாம். மருத்துவச் செலவுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் அமைப்பு அது, கூரைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சாதாரண அளவு வீட்டுக்கு 1,600 டாலரில் வேலை முடிந்துவிடும் என்பதால், வீட்டுக்காரருக்கு இது முழு இலவசம்.

என் பார்வையில் திட்டம் உடைந்த இடம் இதுதான். சொந்தப் பணம் கொடுப்பவர் நாலு பேரிடம் விலை கேட்பார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், முடிந்தால் ஏணி வைத்துத் தலையை நீட்டியாவது பார்ப்பார். இலவசமாக வருவதை அப்படி யாரும் குடைவதில்லை. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதையாக, கையெழுத்து தாராளமாகக் கிடைத்தது. அந்தக் கையெழுத்தைத்தான் வேலை சரியாக நடந்ததற்குச் சான்றாக அரசு எடுத்துக்கொண்டது. கீழே நின்று கையெழுத்துப் போட்டவர் மேலே என்ன நடந்தது என்று பார்த்தாரா என்பதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு சுமார் 70,000 வீடுகளுக்கு இப்படிக் கூரை இன்சுலேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். திட்டம் உச்சத்தில் இருந்தபோது ஒரே மாதத்தில் ஒரு லட்சம் வீடுகளைத் தாண்டியது. சில நூறு நிறுவனங்கள் இருந்த துறையில் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை ஆயிரங்களுக்குத் தாவியது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நேற்றுவரை வேறு தொழில் செய்தவர்களும் வேனில் பஞ்சு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகக் கதவைத் தட்டினார்கள். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும் என்று முதலில் இருந்த நிபந்தனை, மேற்பார்வையாளருக்கு இருந்தால் போதும் என்று சுருங்கியது. அந்த மேற்பார்வையாளர் கூரைக்குள் கூடவே இருக்க வேண்டும் என்றும் யாரும் வற்புறுத்தவில்லை.

ஏமாற்றிய விதங்கள்

மோசடிகளில் சில அப்பட்டமானவை. போகாத வீட்டுக்கு பில் போடுவது, ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை பணம் கேட்பது, ஏற்கெனவே நல்ல இன்சுலேஷன் இருக்கும் வீட்டைப் புதிதாகப் போட்டதாகக் காட்டுவது. இவை ஆவணங்களை ஒப்பிட்டாலே சிக்கும். மற்றவை கூரைக்குள் ஏறாமல் சிக்காது. பரப்பளவைக் கூட்டி எழுதுவது ஒன்று: 110 சதுர மீட்டர் கூரையை 150 என்று எழுதினால் கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? திறப்புக்குப் பக்கத்தில், டார்ச் அடித்தால் தெரியும் தூரம் வரை மட்டும் அழகாக அடுக்கிவிட்டு, தவழ்ந்து போக வேண்டிய ஓரங்களை அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. மெல்லிய, தரம் குறைந்த பஞ்சைப் போட்டுவிட்டு உயர்ந்த வெப்பத்தடை மதிப்புக்குப் பணம் வாங்குவது மூன்றாவது. மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும், மூட்டையோ வேனிலேயே திரும்பிப் போய்விடும்.

இதில் ஏமாற்று எது, கற்றுக்குட்டித்தனம் எது என்று பிரிப்பது கடினம். மெத்தைகளுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விட்டவன் திருடனாக இருக்க வேண்டியதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடைவெளிகள் வழியாகவே வெப்பம் இறங்கிவிடும் என்பதால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் இரண்டிலும் ஒன்றுதான். திட்டம் நின்ற பிறகு ஆஸ்திரேலியத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2010 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, மோசடியாக இருக்கக்கூடியவை என்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைக் குறிப்பிட்டது.

நான்கு மரணங்கள்

பணம் போனது ஒரு பக்கம். உயிர் போனது அலுமினியத் தகட்டில் தொடங்கியது.

தகட்டுப் படலத்தைச் சட்டங்களின் மேல் விரித்து, ஸ்டேப்ளர் துப்பாக்கியால் உலோக ஊசிகளை அடித்துப் பொருத்துவார்கள். தகட்டின் அடியில் சட்டத்தை ஒட்டியே மின்கம்பி போய்க்கொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓர் ஊசி கம்பியின் உறையைக் கிழித்து உள்ளே இறங்கினால் போதும், விரித்த தகடு முழுவதிலும் மின்சாரம் பாயும். அடித்தவர் அதன் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார். பழைய வீடுகள் பலவற்றில் மின்கசிவு ஏற்பட்ட நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பர் கிடையாது. நியூசிலாந்தில் 2007இல் இதே முறையில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். பக்கத்து நாட்டில் நடந்தது தெரிந்தும் தகட்டுக்கு அனுமதி தொடர்ந்தது.

2009 அக்டோபர் 14 அன்று பிரிஸ்பேன் அருகே லோகன் பகுதியில் 25 வயது இளைஞர் ஒருவர் தகட்டை ஊசியடிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். நவம்பர் 1 முதல் உலோக ஊசிகளுக்குத் தடை வந்தது. நவம்பர் 18 அன்று ராக்ஹாம்டன் அருகே 16 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இது தகட்டு வேலை கிடையாது, பஞ்சு மெத்தை வேலை. அந்தக் கூரைக்குள் ஏற்கெனவே இருந்த மின்கோளாறு அவனைக் கொன்றது. இந்த மரணத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஊசித் தடையோ தகட்டுத் தடையோ அவனைக் காப்பாற்றியிருக்காது. ஏறும் முன் மெயினை அணைத்திருந்தால், அல்லது ஓர் எலக்ட்ரீஷியன் கூரையைச் சோதித்திருந்தால், பிழைத்திருப்பான். அதே மாதத்தில் மேற்கு சிட்னியில் 19 வயது இளைஞர் கூரைக்குள் வெப்பம் தாங்காமல் சரிந்து இறந்தார். 2010 பிப்ரவரி 4 அன்று வட குயின்ஸ்லாந்தின் மில்லா மில்லாவில் 22 வயது இளைஞர், மறுபடியும் தகட்டு வேலையில், மறுபடியும் மின்சாரம்.

ஐந்து நாள் கழித்துத் தகட்டு இன்சுலேஷன் நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 19 அன்று முழுத் திட்டமும் நின்றது. குயின்ஸ்லாந்தில் வேலைக்கு அமர்த்திய நிறுவனங்களுக்கு நீதிமன்றம் பிறகு அபராதம் விதித்தது.

தீ விபத்துகள் தனிக் கதை. உட்கூரையில் பதித்த ஹாலஜன் டவுன்லைட்டுகள் கடுமையாகச் சூடாகும். அவற்றைச் சுற்றி 200 மில்லிமீட்டராவது வெற்றிடம் விட வேண்டும் என்பது அப்போதைய மின்விதி. அவசரத்தில் பஞ்சை விளக்கின் மேலேயே போர்த்திவிட்டுப் போனார்கள். சில வீடுகள் பல மாதம் கழித்துப் புகைந்தன. போட்ட வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் முன்பைவிடத் தீ விகிதம் கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் விளக்கைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுவதற்குப் புள்ளியியல் தேவையில்லை, ஒருவர் ஏறிப் பார்த்தால் போதும்.

கடைசியில் ஏறிப் பார்த்தபோது

நிறுத்திய பிறகுதான் பெரிய அளவில் சோதனை நடந்தது. தகடு போட்ட சுமார் 50,000 வீடுகளுக்கும் தனிப் பாதுகாப்புத் திட்டம்: தகட்டை அகற்றுவது அல்லது டிரிப்பர் பொருத்துவது. மற்ற வகை போட்டவற்றில் குறைந்தது ஒன்றரை லட்சம் வீடுகளைச் சோதிப்பதாக அறிவித்தார்கள். தணிக்கை அறிக்கை வந்தபோது கிட்டத்தட்ட 14,000 கூரைகளின் முடிவு கையில் இருந்தது. அதில் 29 சதவீதத்தில் ஏதோ ஒரு குறை, சின்னத் தரக்குறைவிலிருந்து ஆபத்தான பிழை வரை. இந்த எண்ணை எடுத்து மொத்த வீடுகளோடு பெருக்கிப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. சோதித்த வீடுகளில் சந்தேகத்தின் பேரில் தேர்ந்தெடுத்தவையும் இருந்ததால் அப்படிப் பெருக்குவது நியாயமில்லை.

மொத்தம் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகள், செலவு சுமார் 145 கோடி டாலர். சரிசெய்யும் வேலைக்கு மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். வேலை நடக்கும்போதே நூற்றில் ஐந்து கூரைக்கு ஒருவரை ஏற்றி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட எனக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை.

2013இல் ரட்டின் கட்சியைத் தோற்கடித்து வந்த புதிய அரசு, இதை விசாரிக்க ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. இயன் ஹேங்கர் தலைமையில் அது 2014 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. திட்டத்தைச் சரியாக வகுத்து நடத்தியிருந்தால் இந்த மரணங்கள் நேர்ந்திருக்காது என்பது அதன் முடிவு. வேலை இடத்துப் பாதுகாப்பு மாநிலங்களின் பொறுப்பு, முதலாளியின் பொறுப்பு என்று மத்திய அரசு கைகழுவ முடியாது என்றும் சொன்னது. ஆணையம் அமைத்ததில் அரசியல் கணக்கு இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். அறிக்கையின் உள்ளடக்கம் அதனால் பொய்யாகிவிடாது.

இன்னொரு தரப்பும் அடிபட்டது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இருபது முப்பது வருடமாக ஒழுங்காக இந்தத் தொழிலைச் செய்துவந்த சிறு நிறுவனங்கள். திட்டத்தை நம்பிக் கிடங்கு நிறையச் சரக்கு வாங்கியிருந்தார்கள். ஒரே நாளில் நிறுத்தியதும் சரக்கு தேங்கியது, அதைவிட மோசமாகப் பெயர் கெட்டது. இன்சுலேஷன்காரன் என்றாலே மக்கள் கதவைச் சாத்தினார்கள். அரசு மீது அவர்கள் தொடுத்த கூட்டு வழக்கை விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது.

பிரிட்டனில் மறுபடியும்

ஆஸ்திரேலியாவில் விதிகள் குறைவு, அதனால்தான் இப்படி என்று சொல்ல ஆசை வரும். பிரிட்டனில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. தர நிர்ணயம், சான்றளிக்கும் அமைப்புகள், பதிவு பெற்ற நிறுவனங்கள், படிவத்துக்குப் படிவம் எல்லாம் இருந்தன. எரிசக்தி நிறுவனங்கள் செலவை ஏற்கும் திட்டத்தில் வீடுகளின் வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போட்டார்கள். 2025 அக்டோபரில் அங்குள்ள தேசியத் தணிக்கை அலுவலகம் கொடுத்த அறிக்கையின்படி, வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகளில் 98 சதவீதம் சரிசெய்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தன, ஏறத்தாழ 22,000 முதல் 23,000 வீடுகள். சுவருக்கும் காப்புக்கும் நடுவே ஈரம் புகுந்து பூஞ்சை பிடித்தது. அங்கும் வேலையைச் செய்தவர் அனுப்பிய புகைப்படங்களும் சான்றிதழ்களும் கோப்பில் ஒழுங்காக இருந்தன.

ஒழுங்கான சோதனை என்றால் என்ன

மெல்பர்னிலோ சிட்னியிலோ பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் ஏராளம். 2009இல் இன்சுலேஷன் போட்ட வீடுகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூரைக்குள் யார் ஏறினாலும் முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். குயின்ஸ்லாந்தில் இந்த மரணங்களுக்குப் பிறகு, வீட்டுக் கூரைக்குள் வேலை செய்வோர் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே ஏற வேண்டும் என்று விதியாகவே கொண்டுவந்தார்கள். பளபளவென்று விரித்த அலுமினியத் தகட்டுப் படலம் கண்ணில் பட்டால் வீட்டுக்காரர் ஏறவே கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

சோதிப்பவர் திறப்பில் தலையை நீட்டி டார்ச் அடித்துவிட்டு இறங்கினால் அது சோதனையே இல்லை. ஏமாற்றுபவனும் அந்த வெளிச்ச வட்டத்தைக் கணக்குப் பண்ணித்தான் அடுக்கியிருப்பான். திறப்புக்கு மிகத் தொலைவான மூலையிலிருந்து தொடங்க வேண்டும். ஓரங்களில் பஞ்சு எட்டியிருக்கிறதா, அதே சமயம் இறவாணத்தின் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்தின்) காற்றோட்டத்தை அடைக்காமல் இருக்கிறதா? மெத்தைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா, இல்லை கசக்கித் திணித்திருக்கிறார்களா? கசங்கிய பஞ்சு உள்ளே காற்றை இழந்துவிடும், தடிமன் போனால் வெப்பத்தடையும் போகும். ஒவ்வொரு டவுன்லைட்டையும், அதன் டிரான்ஸ்ஃபார்மரையும், குளியலறைக் காற்றாடியையும், புகைபோக்கியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கம்பிகள் பஞ்சுக்கு அடியில் புதைந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் வேலை முடிந்ததும் காலி மூட்டைகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் அது எத்தனை சதுர மீட்டருக்கு வரும், வெப்பத்தடை எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். மூட்டைகளை எண்ணிப் பெருக்கிப் பாருங்கள், பில்லில் இருக்கும் பரப்போடு ஒத்துப்போகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காண்ட்ராக்டர் தயங்கினால் அதுவே ஒரு பதில். இன்ஸ்பெக்டரைக் காண்ட்ராக்டரே "நம்ம ஆளு" என்று கூட்டிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வீடு வாங்கும்போது செய்யும் வழக்கமான கட்டடச் சோதனையை மட்டும் நம்பிவிட முடியாது. அந்த அறிக்கை எட்டக்கூடிய இடங்களைக் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லும். கூரை ஓரங்கள் "எட்ட முடியாத பகுதி" என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும், மின்வயரிங் பொதுவாக அந்தச் சோதனையில் வராது. பணம் கட்டும் முன்பே இன்ஸ்பெக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கூரைக்குள் எவ்வளவு தூரம் போவீர்கள், மூலைகளின் புகைப்படம் தருவீர்களா? மின்சோதனைக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைத் தனியாக அழையுங்கள். விற்பவரிடம் 2009, 2010 வாக்கில் அரசுத் திட்டத்தில் இன்சுலேஷன் போட்டதா என்று கேட்டு, போட்டிருந்தால் அதற்குப் பிறகு நடந்த பாதுகாப்புச் சோதனையின் காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் இருந்தாலும் எலக்ட்ரீஷியனை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.